வீஸ் கோயிலின் உழவர்கள்



‘செக்குலர்’ என்றால் மதத்தோடு ஒட்டாதது என்றே பொருள் கொண்டு பழகிவிட்டோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் வாடுகிற கிறிஸ்தவ நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்காகவே இந்த மாதம் இதை எழுதுகிறேன். அந்தச் சொல் வளர்ந்ததே கோயிலுக்குள்தான்.

லத்தீனில் அதன் வேரான ‘சேகுலும்’ என்றால் தலைமுறை, காலம். பின்னாளில் இம்மை, இவ்வுலகம் என்றும் பொருள் விரிந்தது. மன்றாட்டின் முடிவில் குருவானவர் ‘என்றென்றும்’ என்கிறாரே, பழைய லத்தீன் பூசையில் அந்த இடத்தில் ஒலித்தது இதே சொல். மடத்து ஒழுங்குக்குள் வாழ்ந்தவர் துறவறக் குரு. ஊர் நடுவே இருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மக்களோடு நின்றவர் செக்குலர் குரு. நம்மூர் மறைமாவட்டக் குருக்கள் இந்த வழி வந்தவர்கள்தாம்.

பிறகுதான் சொல் சொத்தின் பக்கம் திரும்பியது; திருச்சபையின் உடைமை அரசர் கைக்கு மாறுவதையும் அது குறித்தது. ரைன் நதிக்கு மேற்கே இருந்த நிலங்களைப் பிரான்ஸிடம் இழந்த ஜெர்மன் அரசர்களுக்கு ஈடு தேவைப்பட்டது. கைக்கு எட்டியது திருச்சபையின் சொத்து. அதை எடுத்துக்கொள்வதென்று 1803 பிப்ரவரி 25 அன்று ரேகன்ஸ்பர்க்கில் முடிவானது. நாடாண்ட ஆயர்கள் அநேகமாக எல்லோரும் ஆட்சியை இழந்தார்கள். மடங்கள் மூடப்பட்டன. பவேரியாவில் மடத்து நூல்கள் வண்டி வண்டியாக மியூனிக் போயின. பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் ‘கார்மினா புரானா’ என்ற இடைக்காலப் பாடல் ஏடு கண்ணில் பட்டது அப்போதுதான். வேண்டாம் என்று கழித்தவற்றில் பல காகித ஆலைக்குப் போயின. நூலை நேசிக்கிற எவருக்கும் வயிறு எரியும்.

இந்தப் பறிப்புக்குக் காரணம் அறிவொளி அல்ல, அரசர்களின் பேராசை என்பதே என் எண்ணம். ஆனாலும் ஆயர் கையிலிருந்து வாளும் வரிக்கணக்கும் போனதை இழப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள்வது அவர் வேலையாக இருந்திருக்கவே கூடாது.

பவேரியாவில் வீஸ் என்ற சிற்றூர். சாட்டையடி பட்ட இயேசுவின் சுரூபத்துக்காக ஸ்டைன்காடன் மடத்தார் 1745-இல் கட்டத் தொடங்கிய கோயில் அங்கே இருக்கிறது. மடம் கலைக்கப்பட்டதும் கோயிலை ஏலம்விட்டு இடிக்கத் திட்டமிட்டார்கள். சுற்றுவட்டார உழவர்கள் மனுக் கொடுத்து மன்றாடித் தடுத்தார்கள். மடமும் நிலமும் போன பிறகு அந்தக் கோயிலுக்கு இருந்த துணை அவர்கள் மட்டுமே.

1983-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே இன்றும் திருப்பலி நடக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்