காரியம் முடிந்த கையோடு

தந்தை இறந்துவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தாயை மகன் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்பது தமிழ்க் குடும்பங்களில் யாரும் மறுத்துப் பேசாத நம்பிக்கை. வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் வட்டாரத்தில் இதன் விளைவைக் கண்ணால் காணலாம். வள்ளூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று கொண்ட அனல்மின் நிலையம், அருகிலேயே வடசென்னை அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம் என்று வேலைக்காக வெளிமாவட்டங்களிலிருந்து வந்து தங்கியவர்கள் இங்கே ஏராளம். சாவுச் செய்தி கேட்டு விடுப்பில் ஊருக்குப் போகும் மகன், திரும்பும்போது ஒற்றைப் பையுடன் தாயையும் கூட்டி வருகிறான். அவனுக்குக் கிடைத்த விடுப்பின் நீளமே தாயின் மீதி வாழ்க்கையை முடிவு செய்துவிடுகிறது. பாசத்தில் செய்வதுதான்; ஆனாலும் தவறு.

தனியே விட்டால் துக்கத்தில் உடைந்துபோவார் என்பது இந்த நம்பிக்கைக்குச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை உண்டு. மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலுமான 4,486 ஆண்களைப் பற்றி பிரிட்டனில் 1969-இல் வெளியான ஆய்வு, முதல் ஆறு மாதங்களில் அவர்களின் இறப்பு வழக்கத்தைவிட 40 விழுக்காடு கூடியிருந்ததைக் காட்டியது. ஆனால் அந்த ஆறு மாதங்களுக்குத் தேவை துணை. துணை என்றால் பிள்ளைகள் முறை வைத்து அங்கே போய்த் தங்கலாம். துக்கத்தில் இருப்பவரை, அவருக்குத் தெரிந்த ஒரே தெருவிலிருந்தும் பிரித்தெடுப்பது துணையாகாது. அது இரண்டாவது இழப்பு.

இழப்பது எது என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரில் அவருக்குப் பால்காரரைத் தெரியும். ரேஷன் கடையில் எந்நேரம் கூட்டம் குறையும் என்று தெரியும். கதவு திறக்காவிட்டால் வந்து தட்டும் பக்கத்து வீட்டுக்காரி உண்டு. புது வீட்டில் காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பியபின் நான்கு சுவர்களும் தொலைக்காட்சியும்தான். வெளியே இறங்கினால் சரக்கு லாரிகள் ஓடும் சாலை, காற்றில் நிலக்கரித் தூளும் சாம்பலும். மூச்சிரைப்பு உள்ளவருக்கு இது சிறிய செய்தி அல்ல. பெரிய ஆஸ்பத்திரி பக்கம் என்பார்கள். ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு மின்சார ரயில் ஏறித் தனியே போய்வரப் பழகாதவருக்கு அந்தப் பக்கமும் தூரம்தான்.

அடுப்படியில் நடப்பது இன்னும் நுட்பமானது. "நீங்க உட்காருங்க அத்தை, நான் பார்த்துக்கிறேன்" என்று மருமகள் சொல்வது மரியாதையால்தான். நாளும் கேட்கக் கேட்க, நாற்பது வருடம் ஒரு வீட்டை நடத்தியவருக்கு இங்கே தனக்கு வேலை இல்லை என்பதே அதன் பொருளாகிவிடுகிறது. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்றுவந்த எண்ணூர்க் குப்பத்துப் பெண்ணை மகள் வீட்டுக்கு மாற்றினால், அவருடைய வாடிக்கையும் சந்தையில் உட்காரும் இடமும் கைக்காசும் ஒரே நாளில் போகின்றன. இனி உழைக்க வேண்டாமே என்ற ஆறுதல் இதற்கு ஈடாகாது.

அடுத்தது காகிதங்கள். 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்கே. மருமகள் ஏற்கெனவே பெறும் அட்டையில் தாயின் பெயரைச் சேர்த்தால், அவர் தன் அட்டையில் வாங்கிவந்த ஆயிரம் ரூபாய் நின்றுபோகும். இதைவிடப் பெரிய ஆபத்து, ஊர் வீட்டை விற்க வசதியாக தாயிடம் அவசரமாய் வாங்கப்படும், அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். அப்பா வீடு மகனுக்கு என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சம்பாத்தியத்தில், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள அதே பங்கு. பிள்ளைகள் உள்ள கிறிஸ்தவக் குடும்பத்தில் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு தருகிறது. எழுதிக் கொடுத்தபின் மீட்பது கடினம். மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் (2007) 23-ஆவது பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைத் தீர்ப்பாயம் வழியே திரும்பப் பெற வழி செய்கிறது. ஆனால் அந்த நிபந்தனை இருந்தாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தாராளமாய்ப் பொருள் கொண்டது உண்மை. என்றாலும், துக்கத்தில் கையெழுத்திட்ட தாய் பெற்ற பிள்ளைமீது வழக்குப் போடும் நிலையே வராமல் பார்ப்பதுதான் முறை.

இடம் மாற்றியே ஆக வேண்டிய சூழல்களும் உண்டு: மறதி நோய், படுக்கை, பாதுகாப்பற்ற வீடு, அல்லது அவரே வர விரும்புவது. அப்போது முதலில் பதினைந்து நாள், பிறகு ஒரு மாதம் என்று வந்து போகட்டும். ஊர் வீட்டுச் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கட்டும். பழையதைப் பார்த்தால் அழுவார் என்று கட்டிலையும் பீரோவையும் ஒழித்துவிட்டு வரக் கூடாது. கணவரின் நாற்காலியைப் பார்த்து அழுதால் அழட்டும். பென்ஷன் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் அவர் கையில் இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வர, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் புது முகவரியைப் பதிய வேண்டும். மீஞ்சூர்ச் சந்தைக்கும் கோயிலுக்கும் நாலு தடவை கூடவே போய்ப் பழக்கினால், ஐந்தாம் தடவை கட்டணமில்லாப் பேருந்தில் அவரே போய்விடுவார். சமையலில் குழம்போ ரசமோ ஒன்று முழுக்க அவருடையதாகட்டும். உப்பு கூடினாலும் அவருடையதே. மனைவியை இழந்த தந்தைக்கும் இவற்றில் பல பொருந்தும்; சமைக்கத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக அவரைப் பெயர்த்துக்கொண்டு வருவதைவிட, வேளைச் சாப்பாட்டுக்கு அங்கேயே ஏற்பாடு செய்வது எளிது.

வீட்டை விற்பது, அட்டையை மாற்றுவது, பத்திரத்தில் கையெழுத்து எல்லாம் ஓராண்டு காத்திருக்கலாம். தலைத் திவசம் அந்த வீட்டிலேயே நடக்கட்டும். எங்கே இருப்பது என்பதை அதன்பின் அவரே சொல்லட்டும்.