கையெழுத்து இருக்கிறது… கருத்து எங்கே?

“எங்கள் ஊரில் 5 உழவர் ஆர்வலர் குழுக்கள் சேர்ந்து, 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் செயல்படுகிறோம். ஆரம்பத்தில் மாதக் கூட்டத்துக்கு 70, 80 பேர் வந்தார்கள். இப்போது 20 பேரைத் தாண்டுவதில்லை. ‘குறை இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டாலும் யாரும் வாய் திறப்பதில்லை. தொகுப்பு நிதியில் வாங்கிய பவர் வீடரும் ஷெட்டிலேயே நிற்கிறது. என்ன செய்யலாம்?”

- குழுத் தலைவர் ஒருவர், திருவண்ணாமலை மாவட்டம்.

வணக்கம் ஐயா. உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பவர் வீடர் வாங்கத் தீர்மானம் போட்ட அன்று எத்தனை பேர் பேசினார்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். கையெழுத்துப் போட்டவர்களை விட்டுவிடுங்கள், வாய் திறந்து பேசியவர்கள் எத்தனை பேர்? உங்கள் பக்கம் நிலக்கடலை அதிகம். ஏர் ஓட்டி, சாலில் நெருக்கமாக விதைத்த கொல்லையில் இந்த வீடர் நுழையுமா என்று களைவெட்டும் பெண்களைக் கேட்டிருந்தால், ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 பேர் குழுவுக்குக் கிடைத்தது 5 லட்சம் ரூபாய். அது 100 பேருடைய பணம். பேசாதவர்களின் கருத்தும் அதில் இருக்க வேண்டும்.

‘குறை இருந்தால் சொல்லுங்கள்’ என்று நடுக்கூட்டத்தில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு அதே தலைவரிடம்தான் டிராக்டர் வாடகைக்குக் கேட்க வேண்டும். மாமனார், மூத்தார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மருமகள் எழுந்து பேசுவாரா? அதனால், கேட்கும் முறையை மாற்றிப் பாருங்கள்.

கூட்டம் கலைவதற்கு முன் 5 நிமிடம் ஒதுக்குங்கள். பக்கத்து அறையிலோ ஒரு திரைக்குப் பின்னாலோ மூன்று சட்டிகள் வையுங்கள். முதல் சட்டியில் முழு வட்டம், ‘இன்றைய கூட்டம் பயன்பட்டது’. இரண்டாவதில் அரை வட்டம், ‘கொஞ்சம் பயன்பட்டது’. மூன்றாவதில் பெருக்கல் குறி, ‘வந்தது வீண்’. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்து, ஒவ்வொருவராகப் போய்ப் போடச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் போடலாம், யார் எதில் போட்டார் என்றும் தெரியாது.

பெண்கள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்கு மட்டும் வேப்பங்கொட்டை கொடுங்கள். ஆண்களுக்குப் பயன்பட்ட கூட்டம் பெண்களுக்கும் பயன்பட்டதா என்று தனியாகத் தெரியும். இரண்டு மூன்று பேர்தான் என்றால் இப்படிப் பிரிக்காதீர்கள், யார் போட்டது என்று தெரிந்துவிடும்.

எல்லோர் முன்னிலையிலும் எண்ணுங்கள். மூன்றாவது சட்டி நிறைந்திருந்தால், ‘யார் போட்டது?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு இந்த முறையே செத்துப்போகும். ‘அடுத்த கூட்டத்தில் எதை மாற்றலாம்?’ என்று கேட்டு, நான்கைந்து பேராகப் பிரிந்து பேசவிடுங்கள். ஒருவர் பெயரில் வராமல் அந்தச் சின்னக் குழுவின் பதிலாக வரும்போது துணிந்து சொல்வார்கள்.

அடுத்தது, வராத 80 பேர். வந்த 20 பேரை மட்டும் கேட்டால் பாதி உண்மைகூடக் கிடைக்காது. வராதவர்களில் 10, 15 பேரை மாதம் ஒருமுறை பால் சொசைட்டியிலோ கிணற்று மேட்டிலோ பார்த்துக் கேளுங்கள். தலைவராகிய நீங்கள் போக வேண்டாம், பொறுப்பில் இல்லாத உறுப்பினர் ஒருவரை அனுப்புங்கள். ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போலிருக்கும். ‘எந்த நேரம் வைத்தால் வர முடியும்? எதைப் பற்றிப் பேசினால் வருவீர்கள்?’ என்று கேட்கலாம். மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வரும் நேரம், பால் ஊற்றும் நேரம், நூறு நாள் வேலை என்று காரணம் சாதாரணமாகவே இருக்கலாம். நேரத்தை மாற்றினாலே பாதிப் பேர் வரக்கூடும்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் போதாதா என்று நினைக்க வேண்டாம். அங்கே வாக்கெடுப்பு வைத்தால் யார் எதற்குப் போட்டார் என்று பெயரோடு தெரியும். பல வீடுகளில் போன் மகன் கையில் இருக்கிறது. கூட்டத் தேதி சொல்ல வாட்ஸ்அப் போதும், மனதில் இருப்பதைக் கேட்க அது உதவாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கேட்டதற்குப் பதில் சொல்வது. சொன்னதையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாகப் படியுங்கள். ‘இதைச் சொன்னீர்கள், மாற்றிவிட்டோம். இதை மாற்ற முடியவில்லை, காரணம் இது’ என்று சொல்லுங்கள். முடியாது என்பதைக்கூட மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால், அதற்குப் பிறகு சட்டி வைத்தாலும் கொட்டை விழாது.

முதல் மாதமே அந்தப் பவர் வீடரை எடுத்துப் பேசுங்கள். வாடகை அதிகமா, ஓட்ட ஆள் இல்லையா, நம் சாலுக்கு ஒத்துவராத கருவியா என்று சட்டி வைத்துக் கேளுங்கள். தீர்மானத்தில் தவறு நடந்திருந்தால், நீங்களே முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தலைவரே சொல்லிவிட்டால் மற்றவர்களும் பேசுவார்கள்.

“கிராம சபையிலும் இப்படிச் செய்யலாமா?”

- வாசகி ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்.

செய்யலாம் அம்மா. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை வெளிப்படையாகத்தான் நிறைவேற்ற வேண்டும், அதற்குப் பதிலாகச் சட்டி முறை ஆகாது. ஆனால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, எந்தப் பிரச்னையை முதலில் பேசுவது என்று தெருத்தெருவாகக் கொட்டை போட்டுப் பார்க்கலாம். அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போய்ச் சபையில் படியுங்கள். ஒருவராக எழுந்து பேசுவதைவிட, ‘எங்கள் தெருவில் இத்தனை பேர் சொன்னார்கள்’ என்று பேசும்போது உங்களுக்கும் தைரியம் வரும், சபையும் காது கொடுக்கும்.