சருகைக் கொளுத்தாதீங்க!

உங்கள் வீட்டுக் கொல்லையில் பத்துக்குப் பத்து மண்தரை இருக்கிறதா? 'ஒரே புழுதி, களை' என்று அலுத்துக்கொண்டு சிமென்ட் பூசிவிடாதீர்கள். 2003-ல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அதற்குக் குழாய் போட்டுவிட்டு, தானாகவே தண்ணீர் குடிக்கிற மண்ணின் வாயை அடைப்பது என்ன நியாயம்? கோடையில் சிமென்ட் தரை ராத்திரியிலும் அனல் கக்குமே!

இன்னொரு கூத்து, விழுகிற சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்துவது. பக்கத்து வீட்டில் வீஸிங் குழந்தை இருந்தால் அந்தப் புகையில் அது என்ன பாடுபடும்? மண்ணுக்கு அந்தச் சருகுதாங்க போர்வை.

களையைப் பிடுங்கி, மண்ணை நனையுங்கள். பழைய நியூஸ்பேப்பரை ஆறேழு தாளாக, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்துத் தண்ணீர் தெளியுங்கள். (வழவழ கலர் தாள் வேண்டாம்.) அதன்மேல் நாலு விரல்கடை உயரத்துக்குச் சருகு. வெளிச்சம் படாததால் களை அடங்கும், ஈரமும் சீக்கிரம் காயாது. செடித் தண்டிலிருந்து கொஞ்சம் தள்ளியே போடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். சுவரோரமும் வேண்டாம், கரையான் வரும்.

பொங்கல் முடிந்ததும் கரும்புத் தோகை சும்மாவே கிடைக்கும். இளநீர் மட்டையும் அப்படித்தான். ஆனால் அதை முழுசாகப் போட்டால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு முட்டையிடும். நார்நாராகக் கிழித்துத்தான் போடணும்.

"பூச்சி பொட்டு அடையாதா?" என்பீர்கள். நியாயமான பயம்தான். குழந்தைகள் விளையாடுகிற பக்கம் சருகு வேண்டாம், அருகம்புல் நட்டுவிடுங்கள். மற்ற இடத்தில் சருகு மட்க மட்க, மேலே ரெண்டு கூடை கொட்டினால் போதும்.