வைத்தியன் கொன்றது வேரையா, ஆளையா?

பழமொழிகளின் ‘உண்மையான பொருள்’ இதுதான் என்று அறிவிக்கும் பதிவுகள் வாட்ஸ்அப்பில் வந்து விழாத நாளில்லை. ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பது பிழையாம். ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்றுதான் முன்னோர் சொன்னார்களாம். ஆற்றில் நம்பக் கூடாதது மண் குதிரை அல்ல, மண் குதிராம். ஆடிக் காற்றில் பறப்பது அம்மி அல்ல, அம்மை நோயாம். ‘ஆனைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம்’ என்பதில் ஆனையும் இல்லை பூனையும் இல்லை, ஆநெய்யும் பூநெய்யும்தானாம். கேட்டவுடன் ‘அட!’ என்று தோன்றும். அந்த ‘அட’வைத் தவிர இவற்றுக்கு வேறு ஆதாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. நாம் இழந்துவிட்ட பழைய வடிவங்கள் என்று பரப்பப்படும் இவற்றில் பல, அண்மைக் காலத்தில் யாரோ உட்கார்ந்து செய்தவை என்பதே என் கணிப்பு.

வைத்தியனையே எடுத்துக்கொள்வோம். தமிழில் வேரைப் பிடுங்குவோம், பறிப்போம், வெட்டுவோம், கொல்வதில்லை. ஆயிரம் வேரை அறிந்தவனை எதற்காக ‘அரை’ வைத்தியன் என்று குறைத்துச் சொல்ல வேண்டும்? ஆயிரம் பேரைக் கொன்ற பிறகும் தொழிலில் பாதிதான் தேறியிருக்கிறான் என்று சொல்லும்போதுதான் அந்த ‘அரை’யில் குத்தல் இருக்கிறது. இதைச் சோதிக்க ராஜபாளையம் போதும். அங்கே தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜுக்கள் பல தலைமுறைகளாகத் தமிழோடு வாழ்கிறார்கள். தெலுங்கிலும் இதே பழமொழி உண்டு. ஆயிரம் மந்தியை, அதாவது ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்றுதான் இருக்கிறது. ‘பேர்’ எழுத்துப் பிழையால் ‘வேர்’ ஆகலாம், ‘மந்தி’ ஆகாது. சமஸ்கிருதமும் விட்டுவைக்கவில்லை: நூறு பேரைக் கொன்றால் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றால் பெரிய மருத்துவன் என்கிறது. மூன்று மொழிகளில் ஒரே கேலி இருக்க, தமிழில் மட்டும் அது மூலிகைப் பாடமாக இருந்து திரிந்தது என்பதை நம்புவதற்கில்லை.

மண் குதிரைக்கும் இதே கதிதான். ‘குதிர்’ என்பதோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘குதிரை’ ஆகும், எனவே இது மணல்திட்டைக் குறிக்கிறது என்கிறார்கள். தென்மாவட்டங்களில் குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கும் கலன். ‘மண் குதிரையை நம்பி’ என்று வேற்றுமை உருபோடு சொல்லும் வழக்கும் இருக்கிறது. அங்கே குதிருக்கு இடமே இல்லை. அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைக்கும் நாடு இது. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோயிலை ஒட்டியே ஆறு ஓடுகிறது. மலையில் மழை பெய்தால் சட்டென்று வெள்ளம் இறங்கும். சுட்டாலும் வண்ணம் பூசினாலும் அந்தக் குதிரை யாரையும் அக்கரை சேர்க்காது. இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டியதில்லை. ஆடிக் காற்றும் அப்படித்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் அந்தக் காற்றில் ஒரு மாதம் இருந்தவர்களுக்கு, அம்மி பறக்கும் என்பது மிகை என்றும் தெரியும், எவ்வளவு பொருத்தமான மிகை என்றும் தெரியும். அம்மையைக் கொண்டு வந்து வைத்ததும் அந்த மிகை செத்துப் போகிறது.

பழமொழிகள் மாறவே மாறாதவை என்று நான் சொல்லவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்று இன்று சொல்வதை, முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு ‘நுணல்’ என்ற பழஞ்சொல்லால் சொல்கிறது. சொல் மாறிவிட்டது, கருத்து அப்படியே நிற்கிறது. சில இடங்களில் சொல் நிற்க, உலகம் மாறிவிடுகிறது. ‘வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை’ என்பது சொற்பச் சம்பளக் காலத்துப் பேச்சு. அந்த வேலைகளுக்கு இன்று தேர்வெழுதக் கூட்டம் முண்டியடிக்கிறது. இதையும் ‘வாக்குக் கற்றவன், போக்குக் கற்றவன்’ என்று திருத்தி முன்னோர் தலையில் கட்டுகிறார்கள். சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்ததே 1859இல். எந்த முன்னோர்? ஆங்கிலத்திலும் உண்மையான மாற்றம், கட்டிவிட்ட கதை என்ற இரண்டு வகையும் உண்டு. ஓர் அழுகல் ஆப்பிள் கூடையையே கெடுக்கும் என்ற எச்சரிக்கை, ‘ஒன்றிரண்டு அழுகல் எங்கும் இருக்கும்’ என்று அதிகாரிகள் சொல்லும் சமாதானமாகச் சுருங்கியது உண்மையான மாற்றம். தண்ணீரைவிட ரத்தம் கெட்டி என்பது முதலில் உறவைவிட நட்பே பெரிது என்ற பொருளில் இருந்தது என்பது இணையத்தில் உலவும் கதை. பழைய நூல் எதிலும் அந்த வடிவம் இல்லை.

உட்பொருள் காண்பது நம் மரபுதானே என்று கேட்கலாம். ஆம், மரபுதான், அதை எப்படிச் செய்வது என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவை உரைகளே சான்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படி முதலான உரைகளில் தத்துவப் பொருள் விரிகிறது. ஆனால் பாட்டின் ஒரு சொல்லைக்கூட ‘இது திரிபு, ஆண்டாள் வேறு சொன்னாள்’ என்று மாற்றிக்கொண்டு உரையாசிரியர்கள் பொருள் சொல்லவில்லை. நேர்ப்பொருள் ஒரு பக்கம், உட்பொருள் ஒரு பக்கம். ‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம்’ என்பதற்கு, சிற்பத்தில் நாயைப் பார்த்தால் கல் மறையும் என்று தத்துவம் சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லட்டும். திருமந்திரத்தில் மரத்தை மறைக்கும் யானை அவர்களுக்குத் துணை நிற்கும். துரத்தும் நாயை அடிக்கக் கல் தேடும் பரிதாபம்தான் மூலம் என்பதை மட்டும் மறுக்க வேண்டாம். தன் பெயரிலேயே ஒரு வேட்டைநாய் இனத்தைக் கொண்ட ராஜபாளையத்தில் அந்தப் பரிதாபத்தை விளக்கவே வேண்டாம். பாரசீகக் கவிஞர் சாதி 1258இல் எழுதிய குலிஸ்தானிலும், குளிரில் கல் தரையோடு உறைந்துவிட, நாய்கள் துரத்தும் ஒருவன் இதே புலம்பலைப் புலம்புகிறான்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. ‘பெண் புத்தி பின் புத்தி’ போன்ற இழிவுகளுக்கு நல்ல பொருள் தருவதில் என்ன கெடுதல் என்கிறார்கள். பின்னால் வருவதை அறியும் புத்தி என்று பூசி மெழுகினால், பெண்ணை இழிவாகப் பேசிய சமூகம் ஒன்று இங்கே இருந்ததே இல்லை என்றாகிவிடும். இழிவான பழமொழியைச் சொல்லாமல் விடுவது நேர்மை. அதை வெள்ளையடித்து மறுபடி புழக்கத்தில் விடுவது அல்ல. அப்படியும் ஒரு பழமொழி உண்மையிலேயே திரிந்திருக்கலாம். அப்படிச் சொல்பவர் பழைய அச்சையோ, வட்டார வழக்கையோ, இலக்கணத்தையோ காட்டட்டும். பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்டார். லாசரஸின் தொகுப்பு 1894இலும், ஜென்சனுடையது 1897இலும் வந்தன. இணையத்தில் இவை இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த முறை ‘உண்மையான பொருள்’ உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, பகிர்வதற்கு முன் அவற்றில் ஒன்றையாவது திறந்து பாருங்கள்.