பிறர் தட்டைப் பார்த்து ஓட முடியாது

அண்மைக்காலமாக எமது மக்கள் மத்தியில், குறிப்பாக ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மத்தியில், ஓடுகின்ற பழக்கம் பரவி வருகின்றது. கொழும்பில் சுதந்திர சதுக்கத்திலும் வெள்ளவத்தைக் கடற்கரையோர வீதியிலும் அதிகாலை ஐந்து மணிக்கே ஆட்களைக் காணலாம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் உறவுகள் பத்துக் கிலோமீற்றர், அரை மரதன் என்று கழுத்தில் பதக்கத்துடன் படமெடுத்து அனுப்புகின்றார்கள். மகிழ்ச்சிக்குரிய விடயமே. ஆனால், ஓட ஆரம்பித்த மூன்றாவது கிழமையிலேயே இவர்களில் அநேகமானோர் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு உணவைப் பற்றிப் பேச ஆரம்பித்து விடுகின்றார்கள்.

நானும் ஓடுகின்றவன் என்பதால் என்னிடம் வழமையாகக் கேட்கப்படும் கேள்வி, "நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பதாகும். கேட்பவர்களுக்குத் தேவை ஒரு பட்டியல். அதனைக் கொடுப்பதற்கு நான் மறுத்து வருவதனால் சிலருக்கு என்மீது மனவருத்தமும் உண்டு. எனது தட்டில் இருப்பது எனது உடம்புக்கும், எனது வேலை நேரத்துக்கும், எனது தகப்பனார் எனக்கு விட்டுச் சென்ற நீரிழிவு ஆபத்துக்கும் ஏற்ப அமைந்தது. அதை இன்னொருவர் அப்படியே எடுத்துக்கொள்வது, அயல்வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு பத்திரிகை வாசிப்பதற்கு ஒப்பானது.

இவ்விடத்தில் தென்னாபிரிக்கப் பேராசிரியர் ரிம் நோக்ஸின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. கேப்டவுண் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி விஞ்ஞானத்துறைப் பேராசிரியராக விளங்கிய இவர், தானே எழுபதுக்கும் மேற்பட்ட மரதன் மற்றும் அதிதூர ஓட்டங்களை ஓடி முடித்தவர். 1985 ஆம் ஆண்டில் முதற் பதிப்பாக வெளிவந்த இவரது ஓட்டக்கலை பற்றிய பெருநூல் உலகெங்கும் ஓடுகின்றவர்களின் கைநூலாகியது. மாச்சத்தை நிறைய உண்ணுங்கள், அதுவே ஓடுகின்றவனின் எரிபொருள் என்பது அந்நூல் போதித்த உணவுக் கொள்கையாகும்.

ஓடிக்கொண்டே இருந்த அந்த மனிதருக்கு நீரிழிவு வந்தது. அவரது தகப்பனாருக்கும் அது இருந்தது. 2010 ஆம் ஆண்டின் இறுதியில் மாச்சத்தைப் பெருமளவில் விலக்கி, கொழுப்பை முதன்மையாகக் கொண்ட உணவுக்கு அவர் மாறினார். தமது நூலில் உள்ள உணவு பற்றிய பக்கங்களைக் கிழித்தெறியுமாறு வாசகர்களுக்குப் பகிரங்கமாகவே கூறினார். ஓர் ஆய்வாளர் தான் எழுதியதைத் தானே நிராகரிக்க முன்வருவது அபூர்வம். எமது அரசியல்வாதிகளிடமும் எமது பத்திரிகை ஆசிரியர்களிடமும் காணக்கிடைக்காத குணம் அது. அதற்காக அவரை நான் மதிக்கின்றேன்.

ஆனால், அவர் அத்துடன் நிற்கவில்லை. தமது உடம்புக்குப் பொருந்தியதை அனைவருக்குமான கோட்பாடாக அவர் பிரகடனம் செய்யத் தலைப்பட்டார். பால்குடி மறக்கும் குழந்தைக்கும் அத்தகைய உணவைச் சிபாரிசு செய்து 2014 இல் அவர் சமூக ஊடகத்தில் எழுதிய ஒரு வரி, மருத்துவ ஒழுக்காற்று விசாரணை வரை சென்றது. அதே ஆண்டில், அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களே பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அவரது கருத்துகளிலிருந்து தம்மை விலக்கிக் கொண்டார்கள். 2017 இல் அவர் குற்றமற்றவரெனத் தீர்ப்பளிக்கப்பட்டது. மறுவருடம் மேன்முறையீடும் தள்ளுபடியாகியது. விசாரணையின் நியாய அநியாயங்கள் ஒருபுறம் இருக்கட்டும். ஒரே மனிதர், ஒரே அளவு கல்வியறிவுடனும் ஒரே அளவு உறுதியுடனும், இரு வேறு காலங்களில் நேரெதிரான இரு உணவு முறைகளை உலகத்துக்கெல்லாம் பொதுவாக்கினார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகின்றது. அவருடைய இரத்தத்தில் சீனி ஏறியது உண்மை. மாச்சத்தைக் குறைத்தது அவருக்கு உதவியது என்பதையும் நான் ஐயுறவில்லை. அந்த உண்மை கென்யாவில் ஓடுகின்ற இருபது வயது இளைஞனுக்கு எதனைச் சொல்கின்றது?

கென்யாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டவீரர்கள் சிலரின் உணவை நிறுத்து அளந்த ஆய்வொன்று 2004 இல் வெளியானது. அவர்கள் பெறும் சக்தியில் நான்கில் மூன்று பங்கு மாச்சத்திலிருந்தே வந்தது. சோளமாவில் கிண்டிய உகாலிக் களி, கீரை, அவரை, சீனி தாராளமாகச் சேர்த்த பால்தேநீர் என்பனவே அவர்களின் சாப்பாடு. மறுபுறத்தில், உலகத்தரம் வாய்ந்த வேகநடை வீரர்களுக்கு மூன்று வாரங்கள் மாச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பு உணவு கொடுத்து அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட முடிவில், அவர்களின் உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகிக்கொண்டது உண்மைதான் என்றாலும், அதே வேகத்தில் செல்வதற்கு முன்னரிலும் கூடுதலான ஒட்சிசன் தேவைப்பட்டதுடன் போட்டியில் முன்னேற்றமும் கிட்டவில்லை. அப்படியானால் சோறே நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் இல்லை. நாங்கள் கென்ய வீரர்களும் அல்லர், வேகநடை வீரர்களும் அல்லர்.

சிறியதொரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்கு அவரது நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகின்றது. 70 கிலோ நிறையுள்ள ஒருவர் ஐந்து கிலோமீற்றர் ஓடினால் செலவு 350 கலோரி. இது சமைத்த சோற்றில் சுமார் 270 கிராம். எமது வீடுகளில் மத்தியானத் தட்டில் போடப்படும் சோறு பல வேளைகளில் இதற்கும் மேல். மறுபுறத்தில், தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோசன் வடிவில் சேமிக்கப்பட்டிருக்கும் மாச்சத்து ஏறக்குறைய 2000 கலோரிக்குப் போதுமானது. மரதன் ஓடுகின்றவர்கள் முப்பதாவது கிலோமீற்றரை அண்மித்ததும் திடீரெனக் கால்கள் கல்லாகிப் போனதாகச் சொல்வது இந்தச் சேமிப்புத் தீர்ந்து போவதனால்தான். ஆகவே முதல் நாள் இரவு வயிறு முட்டச் சாப்பிடுவதும், ஓடும் வழியில் சீனிப்பாகுப் பைக்கற்றுகளைப் பிழிந்து விழுங்குவதும் 42 கிலோமீற்றர் ஓடுகின்றவர்களுக்கு அர்த்தமுள்ளவை. கடற்கரையோரமாக அரை மணித்தியாலம் ஓடிவிட்டு அதனை விழுங்குகின்றவர், ஓடிச் செலவழித்ததில் ஒரு பகுதியைக் காசு கொடுத்து மீள வாங்குகின்றார்.

எங்களுடைய உடம்புக்கென்று ஒரு பிரத்தியேகக் கணக்கும் இருக்கின்றது. தெற்காசியர்களுக்கு, வெள்ளையரிலும் குறைந்த நிறையிலேயே நீரிழிவும் இருதய நோயும் தலைகாட்டுகின்றன. உடற்திணிவுச் சுட்டெண் 25 ஐத் தாண்டினால் ஆபத்து என்பது பொதுவிதி. ஆசியர்களுக்கு அதனை 23 இலிருந்தே கவனிக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004 இல் ஆலோசனை கூறியது. 170 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு இது 72 கிலோவுக்கும் 66 கிலோவுக்கும் இடையிலான வித்தியாசம். இலங்கையில் 2005, 2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்டது. நகரங்களில் அது 16 வீதத்தையும் தாண்டியது. அந்த ஆய்வுக்காக வடக்குக்கும் கிழக்குக்கும் செல்வதற்கு யுத்தம் இடமளிக்கவில்லை. எமது சீனி வருத்தத்தை அன்று எவரும் எண்ணவில்லை.

இதனால்தான் இணையத்தில் ஏதோவொரு நாட்டுக்காரர் தமக்கு வாய்த்ததைச் சொல்ல, அதனை எமது ஆட்கள் மறுநாளே பின்பற்றுவதைக் காணும்போது எனக்கு அச்சமாக இருக்கின்றது. எனது பத்திரிகை நண்பர் ஒருவர், என்னைவிட மூன்று வயது இளையவர், பல ஆண்டுகளாக நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர். காணொளியொன்றைப் பார்த்துவிட்டு ஓரிரவில் சோறு, பாண், இடியப்பம் அனைத்தையும் நிறுத்தினார். குளிசையை நிறுத்தவில்லை, அதன் அளவையும் குறைக்கவில்லை. வைத்தியரிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. நான்காம் நாள் காலை வெறும் வயிற்றுடன் எங்களோடு ஓட வந்தார். மூன்றாவது சுற்றில் அவரது பேச்சுக் குழறியது. உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. தான் எங்கே நிற்கின்றார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவ்வேளையில் அங்கே நடந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற தாதியொருவர் ஓடிவந்து, பக்கத்துக் கடையில் சோடா வாங்கிப் பருக்கியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே விரும்பவில்லை. அவர் எடுத்து வந்தது கிளிக்ளசைட் வகைக் குளிசை. உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது அது. உணவை நிறுத்தி, குளிசையை விழுங்கி, ஓடவும் செய்தால் இரத்தத்திலுள்ள சீனி எங்கே போகும்? மெற்போமின் மாத்திரம் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஒரே நோயுள்ள இருவரிடையே கூட, குளிசையின் பெயரைப் பொறுத்து ஓடுவதற்கு முன்னர் உண்ண வேண்டியது மாறிவிடுகின்றது. காணொளிக்காரருக்கு இது எப்படித் தெரியும்?

எனது சொந்த நடைமுறையைப் பற்றியும் சிறிது கூறுகின்றேன், பட்டியலாக அல்ல. பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடங்களை இரவுகளில் கழித்தவனுக்கு, பக்கம் அச்சுக்குப் போன பின்னர் நள்ளிரவில் கொத்துரொட்டி என்பது உணவல்ல, சம்பிரதாயம். அதனை முதலில் நிறுத்தினேன். அதன்பின்னர், சீனி பார்க்கும் சிறு கருவியொன்றை வாங்கி, ஒவ்வோர் உணவுக்கும் இரண்டு மணித்தியாலத்தின் பின்னர் அளந்து கொப்பியில் எழுதினேன். வெள்ளைப் பச்சையரிசி மாவில் அவித்த இடியப்பம் எனக்குச் சீனியை ஏற்றுகின்ற அளவுக்குப் புழுங்கலரிசிச் சோறு ஏற்றுவதில்லை. எனது மனைவிக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. குரக்கன் பிட்டும் ஒடியற் கூழும் எனக்கு மிகவும் உகந்தவை, ஆனால் ஓடி முடித்த பின்னர்தான். நார்ப்பொருள் மிகுந்த அவற்றை உண்டுவிட்டு ஓடினால் வயிறு வழியிலேயே முறையிடத் தொடங்கிவிடும். நல்ல உணவுக்கும் நேரம் என்று ஒன்று இருக்கின்றது.

வயது ஏற ஏறத் தசை கரைகின்றது என்பதனையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சோற்று மலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மீனும் ஒரு கரண்டிப் பருப்பும் என்ற எமது விகிதாசாரம், ஓடுகின்ற ஐம்பது வயதுக்காரருக்குப் போதாது. முட்டை, நெத்தலி, பயறு, கடலை ஆகிய யாவும் இறக்குமதியாகும் புரதமாப் பேணிகளிலும் மலிவானவை.

ஓடுகின்ற பெண்கள் பலர், களைப்பு, மூச்சு வாங்குகின்றது என்று முறையிடும்போது அதனை வயதின் மேல் போட்டுவிடுகின்றார்கள். இரும்புச்சத்துக் குறைவா என்று பார்ப்பதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை போதும். தேநீர்ச் சாயம் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைத் தடுக்கின்றது. தேசிக்காய்ப் புளி அதற்கு உதவுகின்றது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் தேசத்தில், அதனை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடியுங்கள் என்று சொல்வது எளிதல்ல. எனினும் சொல்லத்தான் வேண்டும்.

தண்ணீர் விடயத்திலும் இதேதான். நிறையக் குடியுங்கள் என்பது பொது உபதேசம். 2002 இல் பொஸ்ரன் மரதனில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, அவர்களில் 13 வீதமானோருக்கு சோடியம் இயல்பான அளவிலும் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே பிரதான காரணம். இளநீர் இயற்கையானது, அதனால் கேடில்லை என்பார்கள். அதில் பொற்றாசியம் அதிகம், சோடியம் குறைவு. சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு அது நஞ்சாகவும் மாறலாம். வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் சிறுநீரக நோயாளர்கள் எவ்வளவு பேர் இருக்கின்றார்கள் என்பதை அறிந்தவர்கள் அங்கே இந்த உபதேசத்தைச் செய்ய மாட்டார்கள்.

இறுதியாக, எவரும் பேசாத ஒரு விடயம். கணவன் ஓட ஆரம்பித்தால் எமது வீடுகளில் வேலை கூடுவது மனைவிக்குத்தான். அவருக்குக் குரக்கன், பிள்ளைகளுக்குப் பாண், மாமியாருக்கு உப்பில்லாத கறி என்று ஒரே அடுப்பில் மூன்று சமையல். உணவை உடம்புக்கேற்ப மாற்றுவது என்பதற்கு அர்த்தம் இன்னொருவரின் முதுகை முறிப்பது அல்ல. எங்கள் வீட்டில் ஒரே பானைதான். அதிலிருந்து எவ்வளவு எடுப்பது, எந்த நேரத்தில் எடுப்பது என்பதில்தான் ஆளுக்காள் வித்தியாசம். ஓடும் நாட்களில் அதிகாலையில் எனக்குத் தேவைப்படும் ஒரு கதலி வாழைப்பழத்தையும் வெறுந்தேநீரையும் நானே எடுத்துக்கொள்கின்றேன். அதற்கு எவரும் எழும்பத் தேவையில்லை.