வடசென்னைக்கு வழி கேட்பவர்களுக்கு

சென்னையைச் சுற்றிப் பார்க்க வரும் நண்பர்களுக்கு நாம் காட்டும் நகரம் பெரும்பாலும் ஜார்ஜ் டவுனோடு முடிந்துவிடுகிறது. அதற்கு வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், "பார்க்க ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பதிலில் பாதி அறியாமை. மீதி, போய்வருவதில் உள்ள சிரமம்.

பார்க்க நிறையவே உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. திருவொற்றியூரில் தியாகராசர் கோயில். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி. பக்கத்திலுள்ள காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த பேட்டை, நம் நாவில் அப்படித் திரிந்தது. விம்கோ நகர் என்பதோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்.

எப்படிப் போவது? சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்துப் புறநகர் ரயில் திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று நின்று நின்று செல்லும். 2021 பிப்ரவரியில் மெட்ரோவும் விம்கோ நகர் வரை நீண்டது. ஆனால் அது ராயபுரத்தைத் தொடவில்லை, எண்ணூரை எட்டவுமில்லை. இடைவெளியை ஷேர் ஆட்டோ நிரப்புகிறது. எங்கே இறங்குவது என்று தெரியாமல் விழித்தால், பக்கத்தில் இருப்பவரே ஓட்டுநரிடம் சொல்லி இறக்கிவிடுவார்.

இறங்கியபின் நடப்பதுதான் கடினம். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, புழுதியில், சாலையைக் கடக்க வேண்டும். வந்துபோகிறவருக்கு இது ஒருநாள் அவதி. அங்கே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் மீன்கூடை சுமக்கும் பெண்ணுக்கும் அன்றாட வாழ்க்கை. சரக்கு நகர்வதற்கென்று திட்டமிட்ட பகுதியில், மனிதர்கள் நகர்வது பின்னர் நினைவுக்கு வந்த விஷயமாகவே இருக்கிறது.

இது வெறும் வசதிக் குறைவன்று. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது. அதே மாத இறுதியில், ஓர் உர ஆலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். அங்கே சாலை என்பது உயிர் தப்பும் வழியும்கூட.

ஆகவே நண்பர்களே, தாராளமாகப் போய் வாருங்கள். கோயிலையும் நிலையத்தையும் பாருங்கள். கூடவே, கொஞ்ச தூரமாவது நடந்து பாருங்கள். பாரம்பரியச் சின்னம் என்று பலகை நடுவதற்கு முன்னால் அங்கே ஒழுங்கான நடைபாதை வேண்டும் என்பது என் கட்சி. நடந்து பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றக்கூடும்.