சரக்கு வண்டியின் அடித்தகட்டுத் துரு: பூச்சுக்கு முன் செய்யவேண்டுவன

நெல்லும் உரமும் எருவும் ஏற்றிச் செல்லும் பழைய லாரிகளும் டிராக்டர் டிரெய்லர்களும் நம் கிராமங்களில் மாட்டு வண்டியின் இடத்தை ஏறக்குறைய முழுவதும் பிடித்துக்கொண்டன. மாட்டு வண்டி வைத்திருந்த காலத்தில் அச்சுக்கு வண்டிமை இடவும், சக்கரத்துக்குப் பட்டா போடவும் தவறாத குடியானவர், இரும்பு வண்டிக்கு அத்தகைய கவனிப்பு வேண்டியதில்லை என்று எண்ணிவிடுகிறார். இஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுகிறார். டயர் தேய்ந்தால் வேறு போடுகிறார். அடித்தகட்டை மட்டும் அது ஓட்டை விழும் வரையில் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டு வருஷம் கடந்த சரக்கு லாரிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்கவேண்டியிருப்பதால், அதற்கு முந்திய வாரத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டு, துருவின்மேல் கறுப்புப் பூச்சு ஒன்றை அப்பச் செய்து காரியத்தை முடித்துக்கொள்கிறார். டிரெய்லருக்கு அதுவும் இல்லை. இவ்விதம் துருவை மூடிப் பூசும் வழக்கம் பயனற்றது மட்டுமன்று, பூசாமல் விடுவதைக் காட்டிலும் கெடுதியானது என்பதே என் அபிப்பிராயம்.

என் அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு பழைய லாரியை மலிவான விலைக்கு வாங்கினேன். இஞ்சினை ஒருவர் பார்த்தார்; டயரை ஒருவர் பார்த்தார்; அவ்வண்டி முன்பு எதைச் சுமந்தது என்று கேட்கவேண்டும் என்ற எண்ணம் எங்களில் ஒருவருக்கும் உண்டாகவில்லை. பல வருஷம் உப்பளத்து உப்பை ஏற்றிய வண்டி அது என்பது பின்னாலே தெரிந்தது. அடித்தகட்டில் துருவைக் கண்டு அதைப் பட்டறையில் விட்டேன். அங்கே மேலாகத் துடைத்து, மேலும் கீழும் தடித்த ரப்பர்ப் பூச்சைப் பூசி மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். பார்வைக்குப் புது வண்டிபோல் இருந்தது. இரண்டு மழைக்காலம் கழிந்தது. 2012 தை மாதத்தில் நெல் ஏற்றிக்கொண்டிருந்தபோது, முதுகில் மூட்டையுடன் வண்டிக்குள் நடந்த ஆளின் கால் தகட்டைப் பொத்துக்கொண்டு முழங்கால் வரையில் இறங்கிற்று. கிழிந்த தகட்டின் ஓரம் அவருடைய கெண்டைக்காலைப் பிளந்துவிட்டது. அந்த அறுவடை முழுவதும் அவரால் வேலைக்கு வர இயலவில்லை. வைத்தியச் செலவை நான் ஏற்றேன். அவர் இழந்த கூலியில் ஒரு பகுதியையே கொடுத்தேன் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் அந்தப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தோம். அது சிறிதும் அறாமல் தோல்போல் முழுதாக இருந்தது. அதன் அடியில் ஏடு ஏடாக உரியும் துருவைத் தவிர வேறொன்றும் இல்லை. பூச்சில்லாத தகடாயிருந்தால் ஓட்டையை அவர் தம் கண்ணாலேயே கண்டு விலகி நடந்திருப்பார்.

இது ஏன் நேர்கிறது என்பதைச் சற்று விளக்குவது அவசியம். இரும்பு துருப்பிடிப்பதற்கு நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் வேண்டும். உப்பு சேர்ந்தால் இவ்வேலை பன்மடங்கு விரைவாக நடக்கும். காரைக்குடியில் 1953-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், நாட்டின் பல இடங்களில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து அவை எவ்வளவு தேய்கின்றன என்று அளந்து வரைபடமே வகுத்திருக்கின்றனர். மண்டபம் போன்ற கடலோர இடங்களில் தேய்வு மிகக் கடுமை. ஆனால் கடலுக்கு வெகு தூரத்திலுள்ள விவசாயியும் கவலையற்று இருப்பதற்கில்லை. அவர் தம் வண்டிக்கு வேண்டிய உப்பைத் தாமே மூட்டையில் கொண்டுவருகிறார். மியூரியேட் ஆப் பொட்டாஷ் 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 22 கிலோ குளோரைடு அடங்கியிருக்கிறது. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய ஒரு பிடி பொட்டாஷ், தகட்டின் மடிப்பில் தங்கி, மார்கழிப் பனியின் ஈரத்தில் கரைந்து செய்யும் வேலை, மழைத் தண்ணீர் மட்டும் செய்யும் வேலையைவிட மிகப் பெரிது. சூப்பர் பாஸ்பேட்டில் அமிலம் சிறிது இருக்கிறது. யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிகிறது. தொழு எருவோ ஈரமும் உப்பும் சேர்ந்த ஒரு பற்று; குறுக்குச் சட்டத்தின் இடுக்கில் அப்பிக்கொண்டால் கோடையிலும் எளிதில் உலராது.

இனி, இந்த உப்பு தகட்டில் இருக்கும்போதே அதன்மேல் பூசினால் என்ன ஆகும்? எந்தப் பூச்சும் நீராவியை முற்றிலும் தடுத்து நிறுத்துவதில்லை. உள்ளே அகப்பட்ட உப்பு ஈரத்தைப் பூச்சின் வழியே தன்னிடம் இழுக்கிறது, கொப்புளம் எழும்புகிறது, கொப்புளத்துக்குள் துரு வளர்கிறது. துருவானது தான் தோன்றிய இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைப்பதாகையால், ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்த இரண்டு தகடுகளையும் அது ஆப்புப்போல நெம்பிப் பிரித்துவிடும். தடித்த ரப்பர்ப் பூச்சிலோ கொப்புளம் வெளியே தெரிவதும் இல்லை. வந்த ஈரம் போவதற்கு வழியின்றித் தங்கிவிடுகிறது.

பத்து அடி நீளமும் ஆறு அடி அகலமும் உள்ள அடித்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் தேய்ந்தால், போன இரும்பின் எடை ஏறக்குறைய 44 கிலோ. அவ்வளவு இரும்பை யாரேனும் களத்திலிருந்து தூக்கிச் சென்றால் நாம் சும்மா இருப்போமா?

அநேகர் கையாளும் வேறு இரண்டு முறைகளைப்பற்றியும் சொல்லவேண்டும். முதலாவது, இஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெயை வண்டியின் அடியில் பூசுவது. இது இரண்டு மழையில் கழுவுண்டு களத்திலும் வாய்க்காலிலும் சேரும், புழுதியைப் பிடித்துவைக்கும், தோலுக்கும் கெடுதி. நெல் ஏற்றும் வண்டிக்கு அது எவ்விதத்திலும் தகாது. இரண்டாவது, ரெட் ஆக்ஸைடு ஒரு கை பூசியதோடு நிறுத்திக்கொள்வது. ரெட் ஆக்ஸைடு என்பது மேற்பூச்சு பற்றிக்கொள்வதற்கான அடிப்பூச்சேயன்றி, தானே காவல் ஆகாது. அதைப் பூசி மழையில் நிறுத்தினால் நீரை உறிஞ்சிக்கொள்ளும். செலவழித்த பணத்துக்குச் செந்நிறம் ஒன்றே மிச்சம்.

ஆகவே செய்யத்தக்க முறை யாதெனில், வண்டியை முதலில் முழுவதும் ஒழித்து, ரப்பர் விரிப்பு, பலகை முதலியவற்றை எடுத்துவிட்டு, மேலும் கீழும் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவவேண்டும். ஒரு முறை கழுவி உலர்த்தி மறுபடியும் கழுவுவது சிலாக்கியம். இங்கே ஓர் எச்சரிக்கை. கடலோரத்துக் கிராமங்களில் ஆழ்குழாய்த் தண்ணீர் நாவில் கரிக்கும். அதனால் கழுவுவது உப்பை உப்பாலே கழுவுவதாகும். கடைசிக் கழுவலுக்காவது வாய்க்கால் நீரோ குளத்து நீரோ கொள்ளவேண்டும். உலர்ந்தபின் சிறு சுத்தியலால் தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். கூரிய திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும். இறங்கிய இடத்தைச் சுற்றி நல்ல இரும்பு அகப்படும் வரையில் வெட்டி எடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டைச் சுற்றிலும் இடைவெளியின்றிப் பற்றவைக்க வேண்டும். இங்கொன்று அங்கொன்றாகப் பொட்டு வைத்து நிறுத்துவதும், பழைய ஓட்டையின்மேல் தகட்டை மூடிவைப்பதும் தண்ணீருக்கு வீடு கட்டிக்கொடுப்பதற்குச் சமம். பற்றவைக்கும்போது பாட்டரி இணைப்பைக் கழற்றுவதும், அடியில் செல்லும் பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயர்களை விலக்கிக் காப்பதும் அவசியம்.

குத்தினால் இறங்காத, மேலாகத் துருவேறிய இடங்களை உளி, கம்பி பிரஷ், கிரைண்டர் இவற்றால் உதிர்த்து, உப்புத்தாளால் தேய்த்து, கூடிய வரையில் வெள்ளை இரும்பு தெரியும்படி செய்யவேண்டும். வேலையில் பெரும்பங்கு இதுவே; கூலியும் இதற்கே அதிகம்; பட்டறைகளில் முதலில் குறைக்கப்படுவதும் இதுவே. ஆகையால் அடிப்பூச்சு பூசுவதற்கு முன் தாம் வந்து பார்ப்பதாக உடைமையாளர் நிபந்தனை செய்துகொள்வது நல்லது. பழைய வண்டிகளில் அந்நாளைய ஈயச் செந்தூரப் பூச்சு இருக்கலாம். ஈயம் விஷம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. வீட்டுக்கான வண்ணப் பூச்சுகளில் அது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது என்று 2016-ஆம் ஆண்டின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆதலால் பழைய செந்நிறப் பூச்சை நனைத்தே தேய்க்க வேண்டும். தூளை மாட்டுத் தொட்டியருகிலோ வீட்டு முற்றத்திலோ விடுதல் கூடாது. தேய்ப்பவர் மூக்கையும் வாயையும் தூள் புகாத முகமூடியால் மூடிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு தேய்த்தும் குழிகளுக்குள் ஒட்டியிருக்கும் மெல்லிய துருவுக்கு, துரு மாற்றி என்று கடைகளில் விற்கும் திரவங்கள் உதவும். சில பாஸ்பாரிக் அமிலத்தாலும் சில டானின் என்னும் துவர்ப்புச் சத்தாலும் ஆனவை. பின்னது நமக்குப் புதிதன்று. கடுக்காய் ஊட்டிய துணியில் வெல்லத்தோடு ஊறிய இரும்புச் சாறு பட்டால் உடனே கறுப்பேறும் என்பது கலங்காரித் துணி எழுதுவோர் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. துருவின்மேல் டானின் திரவம் நீலக்கறுப்பாக மாறுவதும் அதே காரியந்தான். கடுக்காய்க் கஷாயத்தைத் தடவிவிட்டால் போதும் என்று நான் சொல்லவில்லை. உதிரும் துருவின்மேல் எந்தத் திரவமும் பலியாது என்பதே இங்கு வற்புறுத்தவேண்டியது. அமிலத் திரவமாயின் மிஞ்சியதைக் கழுவி உலர்த்தாமல் பூசுவதும் தவறு.

அதன்பின் துத்தநாகம் அல்லது துத்தநாக பாஸ்பேட் கலந்த அடிப்பூச்சு ஒரு கையும், மேற்பூச்சு இரண்டு கையும் பூசுதல் போதுமானது. பூச்சு கூர்மையான விளிம்புகளில் நில்லாமல் விலகும் இயல்புடையது. ஆகவே விளிம்புகள், ஆணித் தலைகள், பற்றுக் கோடுகள் ஆகியவற்றுக்கு முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை இட்டுப் பிறகு முழுவதும் பூசவேண்டும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸிப் பூச்சு அடிப்புறத்துக்கு மிக நல்லது. வெயில் படும் இடத்தில் மட்டும் நாளடைவில் சுண்ணாம்புபோல் உதிரும். தகடு பனியில் குளிர்ந்திருக்கும் அதிகாலையிலும், கை வைக்க முடியாமல் காயும் நடுப்பகலிலும் பூசலாகாது. கடைசிக் கை பூசியபின் ஒரு வாரமாவது ஆறவிட்டு, வாசனை முற்றும் போனபிறகே நெல் ஏற்றவேண்டும். வண்டியில் நீர் வடிவதற்கான துளைகளை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பூச்சு வேலையில் அவற்றை அடைத்துவிடும் பட்டறைகளை நான் கண்டிருக்கிறேன்.

"இத்தனை கூலிக்குப் புதுத் தகடே போட்டுவிடலாமே" என்று சிலர் கேட்பர். தகட்டில் பாதிக்குமேல் கெட்டிருந்தால் அவர் சொல்வதே சரி. ஆனால் துருவேறிய குறுக்குச் சட்டத்தின்மேல் போட்ட புதுத் தகடும், உரம் ஏற்றிக் கழுவாமல் விட்ட புதுத் தகடும் பழையதன் வழியிலேயே போகும். உரம் ஏற்றிய அன்றே வண்டியைக் கூட்டிக் கழுவி, டிரெய்லரானால் ஏர்க்கால் பக்கத்தைச் சற்று உயர்த்தி நீர் பின்னால் வடியும்படி நிறுத்துவதற்கு அரை மணி நேரமும் ஆகாது. நனைந்த தார்ப்பாயை வண்டிக்குள்ளேயே சுருட்டி வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கங்கள் வாடகைக்கு விடும் டிரெய்லர்கள் பலர் கைக்கு மாறுகிறவை. பொதுச் சொத்தாகையால் அவற்றைக் கழுவுவோர் இல்லை. காலையில் பொட்டாஷ் ஏற்றிய வண்டியிலேயே மாலையில் எரு ஏறுகிறது. வாடகைப் புத்தகத்தில் என்ன சரக்கு ஏற்றப்பட்டது, கழுவித் திருப்பப்பட்டதா என்னும் இரண்டு கலங்களைச் சேர்த்து, கழுவாமல் திருப்பினால் அதற்கான கூலியை வாடகையோடு வாங்கிக் கழுவச் செய்யலாம். ஆண்டுக்கொரு முறை, ஏற்றுக்கூலி ஆட்களில் ஒருவரையும் உடன் வைத்துக்கொண்டு, சுத்தியலால் தட்டிப் பார்த்து முடிவைப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். அந்தத் தகட்டின்மேல் சுமையோடு நடப்பவர் அவரே. கேட்டால் எந்த இடம் அமுங்குகிறது என்பதை அவரே முதலில் காட்டுவார். என் லாரியிலும் ஒரு மூலை அமுங்குவதை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். நான் ஒருபோதும் கேட்டதில்லை.

காவிரிப் பாசனப் பகுதிகளில் இவ்வேலைக்கு ஏற்ற காலம் சம்பா அறுவடை முடிந்து வண்டிகள் ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களே. அப்பொழுது தவறவிட்டவர் ஆவணிக்குள்ளாவது முடித்துவிட வேண்டும். அதற்குள் முடியாதவர்கள் ஐப்பசி மழைக்கு நடுவே அவசரமாகப் பூசுவதைவிட, கழுவி உலர்த்திக்கொண்டே வந்து, கெட்ட இடங்களில் கனத்த பலகை இட்டு ஆட்களுக்குக் காட்டி வைத்து, அறுவடை முடியும் வரையில் பொறுப்பதே மேல்.